25 நிமிடத்துக்கு 2 லிட்டர்

கேள்வி: வேலைக்குப் போக 60 கி.மீ., வர 60 கி.மீ. தினமும் காரில்தான் போகிறேன். நெடுஞ்சாலை என்பதால் மணிக்கு 110 கி.மீ.யை ஒட்டியே ஓட்டுவேன். சம்பளத்தில் பெரும்பங்கு பெட்ரோலுக்கே போய்விடுகிறது. இந்தக் காரைக் கொடுத்துவிட்டு, ஐந்தாண்டுக் கடனில் ஹைபிரிட் (பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்த கார்) வாங்கச் சொல்லி மைத்துனர் வற்புறுத்துகிறார். வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த 110-தான் பணத்தைத் தின்கிறது.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-ல் இருப்பதைப்போல 110-ல் அது ஏறக்குறைய 1.9 மடங்கு. டயர் உராய்வு அந்த அளவுக்கு ஏறாததால் மைலேஜ் பாதியாகிவிடாது. ஆனாலும் 80-ல் லிட்டருக்கு 20 கி.மீ. கொடுக்கும் கார் 110-ல் 15-க்கு இறங்குவது சகஜம். உங்கள் 120 கி.மீ.க்கு 6 லிட்டர் போதுமான இடத்தில் 8 லிட்டர். மாதம் 25 நாள் என்றால் 50 லிட்டர் கூடுதல், வருடத்துக்கு 600. இதற்குக் கைம்மாறாகக் கிடைப்பது என்ன? 60 கி.மீ.யை 80-ல் கடக்க 45 நிமிடம், 110-ல் 33. இரண்டு வழியும் சேர்த்து 25 நிமிடம்கூடத் தேறாது. வழியில் லாரிக்குப் பின்னால் சிக்கினால் அதுவும் போச்சு.

அப்படிச் சிக்கும்போது இன்னொரு நஷ்டமும் உண்டு. 1,200 கிலோ காரை 110-லிருந்து 60-க்கு பிரேக் பிடித்து இறக்கினால், மறுபடி அதே வேகத்துக்கு ஏற்ற சுமார் 50 மில்லி பெட்ரோல் கூடுதலாகப் போகும். ஒரு பயணத்தில் பத்து முறை என்றால் அரை லிட்டர். முன்னால் தடை தெரிந்ததுமே, கியரை எடுக்காமல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மட்டும் எடுங்கள். பெட்ரோலைப் பீய்ச்சித் தரும் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அப்போது பெட்ரோல் வரத்தே பெரும்பாலும் நின்றுவிடும். நியூட்ரலில் உருட்டினால் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும், வண்டியை இன்ஜின் இழுத்துப் பிடிப்பதும் இருக்காது.

அதற்காக 40-ல் ஊரவும் வேண்டாம். கீழ் கியரில் இன்ஜின் தன்னைச் சுழற்றிக்கொள்ளவே செலவழிப்பது ஒவ்வொரு கிலோமீட்டரின் மேலும் கூடுதலாக விழும். டாப் கியரில், இன்ஜின் திணறாமல், சீராக 80. இடது ஓரத் தடமோ வலதோ, உங்கள் ஊர் விதிப்படி மெதுவாகப் போகிறவர்களுக்கான தடத்தில்.

ஹைபிரிட் நல்ல தொழில்நுட்பம்தான். ஆனால் அது பிரேக்கில் வீணாவதை மீட்டுத் தருவதால், நின்று நின்று போகும் நகர நெரிசலில்தான் முழுப் பலன். சீரான 110-ல் அதையும் அதே காற்றுதான் தடுக்கிறது. பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், மைலேஜ் ஏற்றும் சொட்டு மருந்து இவற்றுக்குக் காசு கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைச் சரிபார்த்து, டேங்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். இரண்டு வாரம் 80-ல் ஓட்டி, மறுபடி டேங்கை நிரப்புங்கள். இடையில் ஊற்றியதையும் சேர்த்து மொத்த லிட்டரால் ஓடிய கி.மீ.யை வகுத்தால் உங்கள் மைலேஜ் தெரியும். நிரப்பும்போது பம்ப் தானாக நின்றதும் நிறுத்துங்கள். ரவுண்டாக இருக்கட்டும் என்று கூடுதலாக ஊற்றினால் கணக்குக் கெடும். பிறகு கடன் தவணையைப் பெட்ரோல் விலையால் வகுத்து, மாதம் எத்தனை லிட்டர் ஆகிறது என்று பாருங்கள். ஹைபிரிட் அத்தனை லிட்டரை மிச்சம் பிடிக்காவிட்டால், அந்தக் கணக்குத் தாளையே மைத்துனரிடம் கொடுத்துவிடுங்கள்.