பழைய பண்ணை வீட்டுக்கு எதை வாங்கலாம், எதை வாங்க வேண்டாம்?

கேள்வி: தாத்தா கட்டிய பண்ணை வீட்டை அண்ணன் குடும்பமும் நாங்களும் சேர்ந்து விடுமுறை நாட்களில் புதுப்பித்து வருகிறோம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய தடித்த சுவர்கள். தரையிலிருந்து இரண்டு அடி உயரத்துக்கு ஓதம் ஏறி, உப்பு பூத்து, பூச்சு உதிர்கிறது. அதைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசி, மேலே வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தால் போதும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இரண்டுமே புது வீட்டுக்கு நல்ல சரக்குதான். உங்கள் சுவருக்கு ஒத்துவராது. சுண்ணாம்புச் சுவர் மண்ணிலிருந்து கொஞ்சம் ஈரத்தை இழுக்கும், இழுத்ததைப் பூச்சு வழியாகக் காற்றில் விட்டுவிடும். இத்தனை வருடம் அந்தச் சுவர் நின்றது அப்படித்தான். சிமெண்ட் பூச்சும், படலமாக ஒட்டிக்கொள்ளும் பெயிண்டும் அந்த வழியை அடைத்துவிடும். வெளியேற முடியாத ஈரம் மேலே ஏறும். இன்று இரண்டு அடியில் இருப்பது சில மழைக்காலம் கழித்து நான்கு அடியில் தெரியும். ஈரத்தோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிப் பெருத்து, பூச்சைப் பாளம் பாளமாகத் தள்ளும். சிமெண்ட் கடினமானது என்பதால் விழும்போது பழைய செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும். அந்தச் சேதத்தைத் திருப்பிச் சரிசெய்வது மிகவும் கஷ்டம்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒரு சாண் அகல அலுமினியத் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் அறைப்பக்கம் வியர்த்திருந்தால் அது காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து வைப்பதே பாதி மருந்து. சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவரில் இருக்கிறது. அப்போது வெளியே போய்ப் பாருங்கள். பழைய வீடுகளில் வருடக்கணக்காக மண் சேர்ந்து வெளித்தரை உள்தரையை விட உயர்ந்திருக்கும். அதை வெட்டி, உள்தரைக்கு 15 முதல் 20 செ.மீ. கீழே இறக்குங்கள். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாமல் தள்ளிப் போகட்டும். குடும்பமாகச் சேர்ந்து இரண்டு விடுமுறையில் முடிக்கக்கூடிய வேலை இது. இதற்கு ஈடான பொருள் எந்தக் கடையிலும் இல்லை.

அப்புறம் காய விடுங்கள். தடித்த சுவர் மாதத்துக்கு ஓர் அங்குலம் காயும் என்பது பழைய கட்டடங்களில் வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. பொறுமை வேண்டும்.

காய்ந்த பிறகு சுண்ணாம்பு வாங்குங்கள். நேச்சுரல் ஹைட்ராலிக் லைம், அதாவது தண்ணீர் பட்டு இறுகும் சுண்ணாம்பு, வரும் மூட்டைகளில் 2, 3.5, 5 என்று எண் இருக்கும். அது தரத்தின் வரிசை எண் அல்ல, 28 நாளில் வர வேண்டிய குறைந்தபட்ச வலிமை. பெரிய எண்தான் நல்லது என்று நினைத்து 5 வாங்கிவிடாதீர்கள். மெத்தென்ற பழைய சுவரின் உட்பூச்சுக்கு 2 போதும், மிஞ்சினால் 3.5. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு கழுவிய சொரசொரப்பான மணல். ஒரே கையில் தடிமனாக அப்பாமல், சுமார் 10 மி.மீ. கனத்தில் தனித்தனிக் கையாகப் பூசுங்கள். வெயிலும் காற்றும் நேராகப் படாமல் சாக்கு தொங்கவிட்டு, சில நாள் தண்ணீர் தெளியுங்கள். மேலே வெள்ளையடித்தால் போதும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதனால் மூட்டையோடு கண்ணாடியும் கையுறையும் சேர்த்து வாங்குங்கள்.

கேள்வி: கதவு, ஜன்னல்களில் ஏழெட்டு அடுக்கு பழைய ஆயில் பெயிண்ட் இருக்கிறது. பிள்ளைகள் ஆளுக்கொரு உப்புத்தாளோடு தயாராக நிற்கிறார்கள். சாண்டர் மெஷின் வாங்கினால் வேலை சீக்கிரம் முடியுமா?

பதில்: மெஷினும் வேண்டாம், உப்புத்தாளும் வேண்டாம். பிள்ளைகளை அந்த அறையிலிருந்து வெளியே அனுப்புங்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். பழைய ஆயில் பெயிண்டில் ஈயம் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பெயிண்டில் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் ஈயம் கூடாது என்று இன்று பல நாடுகள் வரம்பு வைத்திருக்கின்றன. வரம்பு வருவதற்கு முந்தைய பெயிண்டில் அதைப்போல் நூறு மடங்குக்கு மேலும் இருந்ததுண்டு. உலர்வாகத் தேய்த்தால் அது கண்ணுக்குத் தெரியாத தூளாகி வீடெங்கும் படியும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும்; இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எல்லா அடுக்கும் வரும்படி ஒரு சில்லைப் பெயர்த்து ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். ஈயம் இருந்து, பெயிண்ட் கெட்டியாக ஒட்டியிருந்தால் சுரண்டவே வேண்டாம், மேலேயே புதுப் பெயிண்ட் அடித்து மூடிவிடலாம். உரிகிற இடத்தில் மட்டும் தண்ணீர் தெளித்து, ஈரத்தோடு சுரண்டி, கீழே விரித்த பிளாஸ்டிக்கோடு சுருட்டிக் கட்டுங்கள். ஹீட் கன் சூடு மிஞ்சினால் ஈயம் புகையாகவே வரும். சாதாரணத் தூசி முகமூடி இதற்கு உதவாது, மிக நுண்ணிய தூளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள முகமூடி வாங்குங்கள். துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். திறந்து மூடும்போது உரசுகிற ஜன்னல் சட்டங்களைத் தெரிந்தவர்களிடம் விடுவதே நல்லது.

கேள்வி: கூரை வேலைக்கு வந்த மேஸ்திரி பாதிப் பணம் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: முதல் கட்டத்துக்கு வேண்டிய பொருளின் விலை அளவுக்குக் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். முடிந்தால் பொருளை நீங்களே வாங்கி ரசீதை உங்கள் பெயரில் வையுங்கள். ஓடு பிரிப்பது, மரச்சட்டம் மாற்றுவது, ஓடு வேய்வது என்று வேலையைப் பிரித்து எழுதி, ஒவ்வொன்றும் முடிய முடியப் பணம் என்று கையெழுத்து வாங்குங்கள். கடைசிப் பத்து சதவீதம் ஒரு நல்ல மழை பெய்து, ஒழுகவில்லை என்று பார்த்த பிறகு. பிரித்துப் பார்த்தால்தான் தெரியும் சேதம் பழைய கூரையில் கட்டாயம் இருக்கும். அதற்கென்று மொத்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் வேலைக்கு எந்தக் கணக்கில் கூலி என்பதையும் முதலிலேயே எழுதிவிடுங்கள். நல்ல மேஸ்திரி இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார்.

கேள்வி: கூரையிலிருந்து இறக்கிய பழைய மரத்தில் நானும் தங்கையும் காய் நறுக்கும் பலகை, தட்டு, சிறு பெட்டி செய்து விற்க நினைக்கிறோம். எந்த எண்ணெய் பூசுவது? கடையில் பார்த்தால் தலை சுற்றுகிறது.

பதில்: எண்ணெய்க்கு முன்னால் மரத்தைப் பாருங்கள். தட்டினால் பொதபொதவென்று ஒலிப்பது, துளைகளிலிருந்து புதிதாக மாவு கொட்டுவது இரண்டையும் ஒதுக்குங்கள். பச்சை சாயல் அடிக்கும் மரம் ஆர்செனிக் கலந்த பூச்சி மருந்து ஏற்றியதாக இருக்கலாம். அதைப் பலகையாக்கவும் கூடாது, அடுப்பில் எரிக்கவும் கூடாது. பெயிண்ட் அடித்திருந்த மரத்துக்கு மேலே சொன்ன ஈயக் கதைதான். ஆக, உணவு படும் பொருளுக்கு வெறும் மரமாகவே இருந்த விட்டங்களை மட்டும் எடுங்கள். ஆணி இருக்கிறதா என்று காந்தத்தால் தடவிப் பார்த்த பிறகே ரம்பம். ஈரமானி ஒன்று வாங்குவது நல்ல செலவு. வீட்டுக்குள் வைக்கும் பொருளுக்கு மரத்தின் ஈரம் 8 முதல் 12 சதவீதத்துக்குள் இருந்தால் பிற்பாடு வளையாது, விரியாது.

இனி எண்ணெய். டப்பாவின் முன்பக்கத்தை நம்பாதீர்கள். 'பாயில்ட் லின்சீட் ஆயில்' என்றால் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் என்று நினைப்போம். பெரும்பாலும் அது காய்ச்சியதல்ல, சீக்கிரம் உலர உலோக உப்புகள் கலந்தது. உணவுப் பலகைக்கு ஆகாது. 'டங் ஆயில் ஃபினிஷ்' என்ற பெயரில் வருவதில் டங் மரக்கொட்டை எண்ணெய் கொஞ்சமாகவோ இல்லாமலோ இருக்கும், மீதி வார்னிஷும் கரைப்பானும். முழுக்க டங் எண்ணெய் என்று பொருள்பட்டியலில் எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். அதுவும் வித்துக்கொட்டை வகையிலிருந்து வருவது. ஒவ்வாமை உள்ளவர்கள் வாங்கக்கூடும் என்றால் சொல்லி விற்க வேண்டும். நறுக்கும் பலகைக்கு நான் சொல்வது உணவுத் தர மினரல் ஆயில், கூடவே கொஞ்சம் தேன்மெழுகு. அது உலராது, அதனால் அவ்வப்போது திரும்பப் பூச வேண்டும். அதை ஒரு சீட்டில் எழுதிப் பலகையோடு கொடுங்கள்.

இன்னொன்று, மறக்கவே கூடாதது. ஆளிவிதை எண்ணெயும் டங் எண்ணெயும் உலரும்போது சூடு வெளிவிடும். துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால் அந்தச் சூடு உள்ளேயே சேர்ந்து, யாரும் தீ வைக்காமலே பற்றிக்கொள்ளும். மர வீடுகள் இப்படி எரிந்திருக்கின்றன. துணியை வெளியே ஒற்றையாக விரித்துக் காயப் போடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் முக்கி மூடுங்கள்.

கேள்வி: தரைக்கு டைல்ஸ் எத்தனை வாங்குவது?

பதில்: பரப்பளவோடு பத்து சதவீதம் கூட, மூலைகள் சதுரமாக இல்லாத பழைய அறைக்குப் பதினைந்து. எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண் (ஒரே தடவையில் தயாரானதற்கான எண்) இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். பிரிக்காத பெட்டியைத் திரும்ப எடுப்பார்களா என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: மீந்த மரத்தில் குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான் செய்கிறோம். 'நூறு சதவீதம் இயற்கையானது, குழந்தைகளுக்குப் பாதுகாப்பானது' என்று அட்டையில் போடலாமா?

பதில்: நிரூபிக்க முடியாததைப் போடாதீர்கள். என்ன மரம், என்ன எண்ணெய், என்ன சாயம் என்று உள்ளதை எழுதுங்கள்; வாங்குகிறவருக்கு அதுதான் உபயோகம். இயற்கையானது என்பதாலேயே ஒன்று பாதுகாப்பானது ஆகிவிடாது. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு என்றால், தொண்டையில் சிக்கும் அளவில் எந்தத் துண்டும் இருக்கக் கூடாது. பரிசோதனைக்கு 31.7 மி.மீ. விட்டமுள்ள சிறு உருளை ஒன்று வைத்திருப்பார்கள். 25 மி.மீ. ஆழத்தில் தொடங்கும் சாய்ந்த அடிப்பக்கம் மறுபக்கம் 57 மி.மீ. வரை இறங்கும். அமுக்காமல் போட்டு, அதற்குள் முழுதாக அடங்குகிற எதுவும் ஆகாது. வண்டிச் சக்கரம், ஆணித் தலை, பொம்மையின் கண் எல்லாவற்றையும் பலமாக இழுத்துப் பாருங்கள், இடுப்பு உயரத்திலிருந்து நாலைந்து தடவை கீழே போட்டும் பாருங்கள். கழன்று வருவது எதுவோ அதைத் தனித் துண்டாகச் செய்து ஒட்டாமல், ஒரே கட்டையில் செதுக்கிவிடுங்கள். விற்பதற்கு முன் உங்கள் ஊரில் பொம்மைகளுக்கு அரசுச் சான்று கட்டாயமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பல நாடுகளில் வீட்டில் செய்து விற்பவர்களுக்கும் அது பொருந்தும்.