சுவாதி: எண் 37

அன்புள்ள ஐயா,

எனக்கு ஊர் வேதாரண்யம் பக்கம். சரக்குக் கப்பலில் டெக் கேடட்டாகப் பயிற்சியில் இருக்கிறேன். எங்கள் செகண்ட் ஆபீசர் தினமும் அந்தியில் கோணம் அளக்கும் செக்ஸ்டன்டைக் கையில் கொடுத்து நட்சத்திரம் எடுக்கச் சொல்கிறார், அதாவது தொடுவானத்திலிருந்து நட்சத்திரத்தின் உயரத்தை அளந்து கப்பல் இருக்கும் இடத்தைக் கணக்கிடச் சொல்கிறார். என் கணக்கு 12 மைல் தள்ளி வருகிறது. ஜிபிஎஸ் இருக்கும்போது இது எதற்கு? சோழர்கள் கடல் ஆமைகளைப் பின்தொடர்ந்தே கடாரம் வரை போனார்கள் என்று படித்தேன், உண்மையா? எனக்குச் சுவாதி நட்சத்திரம். தண்ணீர் ஆகாது என்று ஜோசியர் சொல்லிவிட்டதாக அம்மா போனில் அழுகிறார். வேலையை விட்டுவிடலாமா என்று இருக்கிறது.

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பிக்கு,

வேலையை விடலாமா என்று கேட்கும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. உனக்கு எழுதக் காரணம், கடைசியில் போகிறபோக்கில் வந்து விழுந்த அந்தச் சுவாதி. அதற்கு வருவதற்குள் மற்றதை முடித்துவிடுகிறேன்.

ஜிபிஎஸ் இருக்கும்போது எதற்கு என்று கேட்காத கேடட் உண்டா? 2017இல் கருங்கடலில் நின்ற கப்பல்கள் சில, தாங்கள் ஒரு விமான நிலையத்தில் இருப்பதாகத் திரையில் கண்டன. யாரோ சமிக்ஞையைக் குழப்பியிருந்தார்கள். அமெரிக்கக் கடற்படை அகாடமி இந்தப் பாடத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, 2015இல் மறுபடி எடுத்து வைத்துக்கொண்டது. போதும்.

ஆமைக் கதையை விட்டுவிடு. இரவில் நீருக்கடியில் நீந்தும் ஒரு பிராணியின் பின்னால் படையை நடத்தலாம் என்று நம்புகிறவர்கள் ஓர் இரவாவது கட்டுமரத்தில் போய்விட்டு வந்து பேசட்டும். 1025இல் ராஜேந்திரன் அனுப்பிய படை எந்த ஊர்களை வென்றது என்று மெய்க்கீர்த்தி சொல்கிறது, எப்படி வழி கண்டது என்று சொல்லவில்லை. ஒன்று மட்டும் தெரிந்துகொள். இன்று நாம் துருவ நட்சத்திரம் என்று காட்டுவது அன்று வடதுருவத்திலிருந்து ஏறக்குறைய 6 பாகை தள்ளிச் சுற்றிக்கொண்டிருந்தது. அதை வைத்து ஓட்டியவன் யாராக இருந்தாலும் அந்த விலகலையும் அறிந்துதான் ஓட்டியிருக்க முடியும். பெருமைப்பட ஆசை இருந்தால் அதற்காகப் பெருமைப்படு.

12 மைலா? முதலில் கடிகாரத்தைப் பார். நேரத்தில் 4 விநாடி பிசகினால் தீர்க்கரேகையில் ஒரு கலை, அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு, பிசகும். நம் பக்கத்து அகலாங்கில் (அட்சரேகையில்) அது கிட்டத்தட்ட ஒரு கடல் மைல். 48 விநாடி பிசகு போதும், உன் 12 மைல் வந்துவிடும். இண்டெக்ஸ் எரரை, அதாவது கருவியிலேயே இருக்கும் பிசகை, ஒவ்வொரு முறையும் சரிபார். மற்றதை உன் செகண்ட் ஆபீசர் சொல்லித்தருவார். இந்தக் காலத்தில் தினமும் அந்தியில் ஒரு கேடட்டுக்காக நேரம் ஒதுக்குகிறாரே, அவர் காலில் விழுந்தாலும் தகும்.

இப்போது சுவாதி. கப்பலை ஓட்டும் அறையான உங்கள் பிரிட்ஜில் நாட்டிகல் அல்மனாக் இருக்கும். 1767ஆம் ஆண்டுக்கு முதன்முதலாக வெளிவந்து இன்றுவரை தொடரும் பஞ்சாங்கம் அது. அதில் மாலுமிகளுக்கென்று பொறுக்கி எடுத்த 57 நட்சத்திரங்களின் பட்டியல் உண்டு. 37ஆம் எண்ணைப் பார். ஆர்க்டரஸ் என்று போட்டிருக்கும். தம்பி, அதுதான் உன் சுவாதி. வானத்தின் வடபாதியில் அதைவிடப் பிரகாசமான நட்சத்திரம் இல்லை. எதைக் காட்டி உனக்குத் தண்ணீர் ஆகாது என்றார்களோ, அதைப் பிடித்துத்தான் எத்தனையோ கப்பல்கள் கரை சேர்ந்திருக்கின்றன. அம்மாவிடம் இதைச் சொல். அழுகை நிற்காது, ஆனாலும் சொல்.

பட்டியலை மேலும் கீழும் புரட்டு. 10 ரோகிணி, 16 திருவாதிரை, 26 மகம், 33 சித்திரை, 42 கேட்டை, 51 திருவோணம். உன் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் அதில் இருப்பார்கள். ஆனால் நீ சுவாதியைக் கண்ணால் பார்த்திருக்கிறாயா? ஜாதகக் கட்டத்தில் பார்த்திருப்பாய். வைகாசி இரவில் ஒன்பது, பத்து மணிக்கு மேல் வேதாரண்யத்தில் வாசலில் நின்று அண்ணாந்தால் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே செம்மஞ்சளாக நிற்கும். சப்தரிஷியின் வாலை அதே வளைவில் நீட்டிக்கொண்டே போனால் சுவாதி, இன்னும் நீட்டினால் சித்திரை. இதற்குச் செக்ஸ்டன்ட்கூட வேண்டாம், கழுத்து போதும்.

உன்னை மட்டும் திட்டவில்லை. நம் டெல்டாவையே திட்டுகிறேன். அந்த அல்மனாக்கின் தினசரிப் பக்கங்களில் நான்கு கிரகங்களுக்கு இடம் உண்டு. சுக்கிரன், செவ்வாய், வியாழன், சனி. நமக்கு அவை கஞ்சனூர், வைத்தீஸ்வரன் கோயில், ஆலங்குடி, திருநள்ளாறு. புதன் சூரியனை விட்டு அதிகம் விலகுவதில்லை, மாலுமிக்கு உதவாது, ஆகவே திருவெண்காட்டுக்கு அங்கே இடமில்லை. ஒரே நாளில் ஒன்பது கிரகத்தையும் வேனில் சுற்றிவிடலாம் என்கிற மண் உலகில் வேறெங்காவது உண்டா? சனிப்பெயர்ச்சிக்கு நளன் குளத்தில் முழுகி எழும் கூட்டத்தில் யாரிடமாவது கேட்டுப்பார்: இந்த மாதம் சனி தெரிவது மாலையிலா, விடியலிலா? கோபித்துக்கொள்வார்கள். நான் கேட்டிருக்கிறேன், கோபித்துக்கொண்டார்கள். கும்பிடுவதைக் குறை சொல்லவில்லை. நானும் கும்பிடுகிறவன்தான். கும்பிடுகிற ஆளின் முகத்தை ஒருமுறை பார்க்கலாமே என்கிறேன்.

என் தாய்மாமா பார்ப்பார். கப்பலில் இருந்து ஓய்வு பெற்று மன்னார்குடிக்கு வந்தபோது செக்ஸ்டன்டும் கூடவே வந்தது. செக்ஸ்டன்டுக்குத் தொடுவானம் வேண்டும். மன்னார்குடி மொட்டைமாடியில் ஏது தொடுவானம்? வயல் முடிந்தால் தென்னந்தோப்பு. மாமா ஒரு தாம்பாளத்தில் விளக்கெண்ணெய் ஊற்றுவார். தண்ணீர் என்றால் சின்னக் காற்றுக்கும் நடுங்கும், விளக்கெண்ணெய் அசையாது. எண்ணெயில் தெரியும் சூரியனின் மேல், கருவியின் கண்ணாடியில் இறங்கிவரும் சூரியனைக் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பொருத்த வேண்டும். கிடைப்பது இரட்டிப்புக் கோணம். பாதியாக்கினால் சூரியனின் உயரம்.

இதில் ஒரு சிக்கல். செக்ஸ்டன்ட் 120 பாகையைத் தாண்டி அதிகம் அளக்காது, எனவே 60 பாகைக்கு மேல் ஏறிய சூரியன் எண்ணெயில் அகப்படாது. நம் ஊரில் உச்சிச் சூரியன் அதற்குக் கீழே நிற்பது மார்கழியை ஒட்டித்தான். அந்த மாதம் முழுக்க மாமியின் விளக்கெண்ணெய் மாடியில் இருக்கும். டிசம்பர் 21, உச்சிப் பொழுது, கருவியில் 111 பாகை 52 கலை. பாதி, 55 பாகை 56 கலை. 90இல் கழித்தால் 34 பாகை 4 கலை. அன்று சூரியன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 23 பாகை 26 கலையில் இருக்கிறது, அதையும் கழி. மிச்சம் 10 பாகை 38 கலை, அதுதான் மாமா கண்ட அகலாங்கு. மன்னார்குடி இருப்பது 10 பாகை 40 கலையில். மாமா கணக்குப்படி எங்கள் வீடு ஊருக்குத் தெற்கே இரண்டு கடல் மைல் தள்ளி, யாரோ ஒருவருடைய வயலில் இருந்தது. மாமிக்கு அதில் சம்மதமில்லை. மாமாவுக்கோ அன்று முழுவதும் தரையில் கால் படவில்லை. விளக்கெண்ணெயையும் பழைய பித்தளைக் கருவியையும் வைத்து இரண்டு மைலுக்குள் வந்துவிட்டாராம். பட்டா, சிட்டா என்று எந்த அலுவலகக் காகிதத்திலும் அவர் அத்தனை நம்பிக்கை வைத்து நான் பார்த்ததில்லை.

நீ எடுப்பது நட்சத்திரம், இன்னும் கடினம். நம் பக்கத்து அகலாங்கில் சூரியன் செங்குத்தாக விழுகிறது. நட்சத்திரமும் தொடுவானமும் சேர்ந்து தெரிகிற நேரம் இருபது நிமிடம் போலத்தான். எதை எடுப்பது என்று முன்னாலேயே முடிவு செய்யாமல் போய் நின்றால் உன் செகண்ட் ஆபீசர் சிரிக்கத்தான் செய்வார். ஒவ்வொரு நட்சத்திரமும் கப்பல் எந்தக் கோட்டின் மேல் இருக்கிறது என்று மட்டுமே சொல்லும், மூன்று எடுத்தால் வரைபடத்தில் மூன்று கோடு. அவை ஒரு புள்ளியில் கூடாது, ஒரு முக்கோணம் விழும். ஜிபிஎஸ் ஒரு புள்ளியைத் தந்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறது. முக்கோணம் மட்டும்தான் உனக்கு எவ்வளவு தெரியவில்லை என்பதையும் அளந்து காட்டுகிறது.

வேலையை விடுவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். விடாதே. அடுத்த கடிதத்தில் சோழர்களைப் பற்றி ஒன்றும் வேண்டாம். எந்த மூன்று நட்சத்திரங்களை எடுத்தாய், அதில் ஒன்று சுவாதியா, முக்கோணம் எத்தனை மைல் அகலத்தில் விழுந்தது, இதை எழுது.