நீதிமன்றப் பூட்டுக்குள் கிடந்த படம்: மரியோ பாவாவின் ‘கானி அர்ரபியாத்தி’ குறித்துக் கேள்வி பதில்

திகில் படங்களால் பெயர்பெற்ற மரியோ பாவாவின் இயக்கத்தில் 1974இல் எடுக்கப்பட்டு, 1990கள் வரை திரைக்கு வராமல் போன இத்தாலியக் குற்றப்படம் இது; தலைப்புக்கு ‘வெறிநாய்கள்’ என்று பொருள். நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே பொருளைத் தொடுபவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். முடிவை முன்கூட்டியே அறிய விரும்பாதவர்கள் கடைசிக்கு முந்தைய கேள்வியைத் தாண்டிச் செல்லலாம்.

கேள்வி: படம் காணாமற்போனது என்கிறீர்களே, பிலிம் அழிந்துபோனதா?

பதில்: இல்லை. படப்பிடிப்பு ஏறக்குறைய முடிந்திருந்த வேளையில் தயாரிப்பாளர் ரொபெர்த்தோ லோயொலா திவாலானார். கடன் கொடுத்தவர்களுக்காக அவருடைய சொத்துகள் நீதிமன்றத்தால் முடக்கப்பட்டபோது படச்சுருள்களும் அவற்றோடு சேர்ந்து போய்விட்டன. தீயிலோ ஈரத்திலோ பிலிம் அழிந்த கதைகளை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம்; இங்கே எல்லாம் பத்திரமாக இருந்தும் தொடத்தான் வழியில்லாமல் போனது. 1980 ஏப்ரலில் பாவா இறந்தபோதும் நிலைமை அப்படியேதான் இருந்தது. தாம் எடுத்த படத்தை அவர் முழுவடிவில் பார்க்கவே இல்லை.

கேள்வி: பிறகு அதை மீட்டவர் யார்? அரசா, ஆவணக் காப்பகமா?

பதில்: படத்தில் நடித்தவரே மீட்டார். பிணையாகப் பிடிபடும் மரியாவாக நடித்த லேயா லாண்டர் முயன்று, பணமும் திரட்டியதால்தான் 1990களின் நடுவில் படம் வெளிச்சத்துக்கு வந்தது. 1998இல் ஜெர்மனியில் டிவிடியாகவும் வெளியானது. பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1964இல், பாவாவின் ‘செய் தொன்னே பெர் லஸ்ஸஸ்ஸீனோ’ படத்தில் நடித்தவர் அவர். நடிகர் ஒருவர் தம் படத்துக்காக இவ்வளவு பாடுபட்டதற்கு இணையான செய்தி எனக்கு எளிதில் நினைவுக்கு வரவில்லை.

கேள்வி (ஒளிப்பதிவு பயிலும் ஒருவர்): பாவா என்றாலே மூடுபனியும் சிவப்பு, நீல வெளிச்சமும்தானே? இந்தப் படம் அவர் எடுத்தது போலவே இல்லையே?

பதில்: சிற்பியும் ஒளிப்பதிவாளருமான தந்தையிடம் தொழில் கற்று, தாமும் நெடுங்காலம் ஒளிப்பதிவாளராக இருந்து, 1960இல் ‘லா மாஸ்கெரா தெல் தெமோனியோ’ என்ற திகில் படத்தின் மூலம் பெயர் பெற்றவர் பாவா, செயற்கை வெளிச்சத்தில் அவருக்கு நிகரானவர் அந்நாளில் இத்தாலியில் குறைவு. அப்படிப்பட்டவர் தமது அறுபதாவது வயதில், ஆகஸ்ட் மாத வெயிலில், ரோம் நகரத்தைச் சுற்றியுள்ள சாலைகளில், ஒரு காருக்குள் கேமராவைத் திணித்துக்கொண்டு படம் எடுத்தார். சம்பளப் பணத்தைக் கொள்ளையடித்துத் தப்பும் மூவர் வழியில் ஒரு பெண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள். பிறகு, நோயுற்ற குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுபோவதாகச் சொல்லும் ஒருவரின் காரில் ஏறிக்கொள்கிறார்கள். அதன் பிறகு படத்தின் பெரும்பகுதி அந்தக் காரைவிட்டு இறங்குவதே இல்லை.

முன்னிருக்கையில் ஓட்டுபவரும் கும்பலின் தலைவனும், பின்னால் மற்ற இருவருக்கும் நடுவே நசுங்கியபடி மரியா. வியர்வை வழியும் முகங்கள் திரையை அடைத்துக்கொள்வதால், யாராவது கையை அசைத்தால்கூட அடுத்தவர்மேல் பட்டுவிடுகிறது. கதையின் நேரமும் படத்தின் நேரமும் ஏறத்தாழ ஒன்றாகவே நகர்கின்றன. பெட்ரோல் நிலையத்தில் வாயாடிப் பெண் ஒருத்தி தன்னையும் ஏற்றிக்கொள்ளும்படி வற்புறுத்தி ஏறிவிடுகிறாளே, அந்தப் பகுதியைக் கவனித்துப் பாருங்கள்: காரில் இருப்பவர்கள் யாரென்று அவளுக்குத் தெரியாது, அவள் பேசப்பேச மற்றவர்கள் மௌனமாகிறார்கள், நமக்கோ அவளை எப்படியாவது இறக்கிவிட வேண்டும் என்றிருக்கிறது. அவள் உயிரோடு இறங்குவதில்லை. விளக்கு வித்தை ஒன்றும் இல்லாமல், இடநெருக்கடியை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் சாதித்திருப்பதால், என் கணிப்பில் இதுவே பாவாவின் கைத்திறனுக்குச் சிறந்த சான்று.

கேள்வி: நடிகர்களில் தெரிந்த முகங்கள் உண்டா?

பதில்: கார் ஓட்டுபவராக வருபவர் ரிக்கார்தோ குச்சொல்லா, 1971 கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றவர். இந்த வேடத்துக்கு முதலில் அமர்த்தப்பட்டவர் ‘காட்ஃபாதர்’ படத்தில் சொலொட்சோவாக நடித்த அல் லெட்டியேரி. சில நாட்களிலேயே அவர் விலக்கப்பட்டார். அந்த மாற்றம் படத்துக்கு நன்மையாகவே முடிந்தது, ஏனெனில் குச்சொல்லாவின் சாதுவான முகம் இல்லாமல் இந்தக் கதை நிற்காது. கொள்ளையர்களாக மோரிஸ் போலி, நெடிய உருவமுடைய ஜார்ஜ் ஈஸ்ட்மன், பாடகராகப் புகழ்பெற்ற டான் பாக்கி ஆகியோர் நடித்திருக்கிறார்கள்.

கேள்வி: இணையத்தில் வேறுவேறு தலைப்புகளில் கிடைக்கிறதே, எதைப் பார்ப்பது?

பதில்: சில காட்சிகள் எடுக்கப்படாமலே நின்றுபோனதால், பிறகு தொகுத்தவர்கள் ஆளுக்கொரு விதமாக முடித்தார்கள். 2002இல் தயாரிப்பாளர் ஆல்ஃப்ரெதோ லெயோனேயும், பாவாவின் மகனும் இந்தப் படத்தில் உதவி இயக்குநராக இருந்தவருமான லம்பெர்த்தோ பாவாவும் புதிய காட்சிகளை எடுத்துச் சேர்த்து, ஸ்டெல்வியோ சிப்ரியானியிடம் இசையையும் புதிதாக வாங்கி, ‘கிட்னாப்டு’ என்ற பெயரில் ஒரு வடிவத்தை உருவாக்கினார்கள். நல்லெண்ணத்தோடு செய்தார்கள் என்றே கொள்வோம். ஆனால் காருக்கு வெளியே நடப்பதைக் காட்டக்காட்ட உள்ளே இருக்கும் புழுக்கம் குறைந்துவிடுகிறது. முதலில் ‘கானி அர்ரபியாத்தி’ அல்லது ‘ரேபிட் டாக்ஸ்’ என்ற பெயரில் வந்த பழைய வடிவத்தையே பாருங்கள்.

கேள்வி: முடிவு வெறும் அதிர்ச்சிக்காக ஒட்டவைத்ததுபோல் இல்லையா?

பதில்: எனக்கு அப்படித் தோன்றவில்லை. குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுபோவதாகச் சொன்னவரே அதைக் கடத்தியவர் என்பதும், அது இவ்வளவு நேரம் அசையாமல் கிடந்தது மயக்க மருந்தால் என்பதும் கடைசித் தொலைபேசி அழைப்பில்தான் தெரிகின்றன. இரண்டாம் முறை பார்த்தால், அவர் குழந்தையைக் காப்பாற்றத் துடித்த ஒவ்வொரு கணமும் முதலீட்டைக் காக்கும் பதற்றமாக மாறிவிடுகிறது. மேலும், எண்ணெய்ச் செல்வந்தர் கெட்டியின் பேரன் 1973இல் ரோமிலேயே கடத்தப்பட்டதும் அவனுடைய காது அறுத்து அனுப்பப்பட்டதும் அன்றைய இத்தாலியரின் நினைவில் ஆறாமல் இருந்தன. படம் உரிய காலத்தில் வந்திருந்தால் அந்த அழைப்பு எப்படித் தைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: 2015இல் வந்த பிரெஞ்சு மறு ஆக்கம் பார்க்கத் தகுந்ததா?

பதில்: எரிக் அனெசோ இயக்கி லாம்பெர் வில்சன் நடித்த படம் அது. மூலத்தைப் பார்த்த பிறகு, நேரம் இருந்தால் பாருங்கள்.