சேலத்தில் எங்கள் சபைக்கு நானே லோகோ வரையலாமா? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

தாராளமாக வரையலாம். நான் சேலத்தில் கல்யாணப் பத்திரிகை, ஃப்ளெக்ஸ், கடை போர்டு என்று சின்னச் சின்ன டிசைன் வேலைகள் எடுத்துச் செய்கிறவன். நடுவில் சில சபைகளுக்கும் லோகோ செய்து கொடுத்திருக்கிறேன். ஏற்காடு அடிவாரத்துப் பக்கம் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை, ஃபோட்டோஷாப் ஓரளவு தெரியும், சிலுவை, புறா, வேதாகமம், மலை, சூரியன் எல்லாமே லோகோவில் வரவேண்டும் என்று கமிட்டி சொல்கிறது என எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பட்டியலில் இருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதலில் மலையையும் சூரியனையும் பிரித்துவிடுங்கள். சேலத்தில் எந்த மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் வடக்கே சேர்வராயன் மலை தெரியும், அதனால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இந்தப் படம்தான்: இரண்டு மலை, நடுவில் கதிர் விரித்த சூரியன், அதன்மேல் சிலுவை. மல்கியா 4:2-இல் நீதியின் சூரியன் வருகிறதே என்று வசன ஆதாரமும் காட்டுவார்கள். வசனம் சரிதான். ஆனால் இரண்டு மலைக்கு நடுவே எழும் சூரியன் என்றால் தமிழ்நாட்டில் அது திமுக சின்னம். எவ்வளவு அழகாக வரைந்தாலும் பார்க்கிறவன் கண் அங்கேதான் போகும். புறாவிலும் இதே வம்பு உண்டு. நோவாவிடம் திரும்பி வந்த புறாவின் வாயில் ஒலிவ இலை இருந்தது என்பதால் நாம் ஒரு கிளை வரைவோம், அதில் இரண்டு இலை எதிரெதிராக விரிந்தால் போதும், கமிட்டியில் யாராவது ஒருவர் சிரிக்க ஆரம்பித்துவிடுவார். இலையே இல்லாமல் கீழ்நோக்கி இறங்கும் புறாவாக வரையுங்கள். அது இயேசுவின் ஞானஸ்நானத்தைக் குறிக்கும், வம்பும் இல்லை. விரித்த உள்ளங்கையைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

இதைச் சொன்னால் "சிஎஸ்ஐ சின்னத்திலேயே தாமரை இருக்கிறதே" என்று கேட்பார்கள். இருக்கிறது. சிலுவையும் தாமரையும் சேர்ந்த சின்னம் அது, இதழ்கள் பரிசுத்த ஆவியின் அக்கினி நாவுகளை நினைவூட்டும். இந்தியக் கிறிஸ்தவக் கலையில் சிலுவையின் அடியில் தாமரை வருவது எந்தக் கட்சியையும்விடப் பழைய வழக்கம். சென்னை பரங்கிமலையில் உள்ள பழைய கல் சிலுவை இதற்கு நல்ல உதாரணம். ஆனால் அந்தச் சின்னம் திருச்சபை முழுமைக்கும் பொதுவானது. அதன் நிறத்தை மாற்றுவது, நடுவில் உங்கள் ஆலயப் படத்தை ஒட்டுவது, வளையத்தில் ஊர் பெயரை எழுதுவது எல்லாம் வேண்டாம். லெட்டர்பேடில் அது ஒரு பக்கம், உங்கள் லோகோ மறுபக்கம் என்று வைத்தால் போதும். ஆயரிடம் இதை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

அப்போ என்னதான் வரைவது? உங்கள் ஆலயத்தில் மட்டும் இருக்கிற ஒன்றை. ஒரு நாள் மத்தியானம் ஆலயம் காலியாக இருக்கும்போது போய் உட்கார்ந்து பாருங்கள். ஜன்னல் வளைவு, மணிக்கூண்டு, பீடத்துக்குப் பின்னால் இருக்கும் சிலுவையின் முனை, பழைய கதவின் வேலைப்பாடு என்று ஏதாவது ஒன்று கண்ணில் நிற்கும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சிலுவை எல்லாருடைய ஃப்ளெக்ஸிலும் இருக்கிறது. உங்கள் ஜன்னல் வளைவு வேறு எங்கும் இருக்காது. அந்த வளைவுக்குள் ஒரு சிலுவை, அவ்வளவுதான். கத்தோலிக்கப் பங்கு ஆலயமாக இருந்தால் வேலை இன்னும் சுலபம், பாதுகாவலரான புனிதரின் அடையாளமே கையில் இருக்கும்: பேதுருவுக்குச் சாவி, அந்தோணியாருக்கு லீலி மலர், செபஸ்தியாருக்கு அம்பு.

எதை வரைந்தாலும் முதல் சோதனை ரப்பர் ஸ்டாம்ப். பலர் கம்ப்யூட்டர் திரை அகலத்துக்கு லோகோவைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். உண்மையில் அது அதிகம் வாழப் போவது ஞானஸ்நானச் சான்றிதழில் விழும் மூன்று, நான்கு சென்டிமீட்டர் சீலிலும், காணிக்கைக் கவரின் மூலையிலும், வாட்ஸ்அப் டிபி வட்டத்திலும்தான். அங்கே கிரேடியன்ட் (ஒரு நிறம் இன்னொன்றாகக் கரைவது), நிழல், தங்க ஜொலிப்பு எல்லாம் மசியாகிவிடும். முதலில் வெறும் கறுப்பில் வரையுங்கள், பிறகு நிறம் யோசிக்கலாம். சீல் எப்படியும் ஊதா மையில்தான் விழப்போகிறது. இன்னொன்று, வெள்ளைப் பின்னணியில் நான்கு கையும் சம நீளமுள்ள சிவப்புச் சிலுவை மட்டும் கூடாது. அது செஞ்சிலுவைச் சின்னம், 1960-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தச் சட்டப்படி அனுமதியில்லாமல் பயன்படுத்த முடியாது.

எழுத்தில்தான் நிறைய நேரம் போகும். வட்டத்தைச் சுற்றித் தமிழ் எழுதும்போது சில பழைய கோரல் டிரா பதிப்புகளில் "தேவாலயம்" என்பதன் கொம்பு ஒரு பக்கமும் "த" ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எழுத்துகளுக்கு இடையே இடைவெளியைக் கையாலேயே சரிசெய்ய வேண்டியிருக்கும். பெயர் நீளமாக இருந்தால் வட்டத்தையே விட்டுவிட்டு, படத்துக்குக் கீழே இரண்டு வரியாக நேராக எழுதுங்கள். மெல்லிய அலங்கார எழுத்து வேண்டாம், "ஞ", "ணை" மாதிரி சுழி உள்ளவை சீலில் அடைத்துக்கொண்டு கறுப்புப் புள்ளியாகிவிடும்.

வருடம் போடுவதாக இருந்தால் எந்த வருடம் என்பதை வரைவதற்கு முன்பே கமிட்டியில் தீர்மானமாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். லண்டன் மிஷன் என்ற மிஷனரி சங்கம் சேலத்துக்கு வந்தது 1827-இல், தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947 செப்டம்பர் 27-இல், உங்கள் கட்டடத்தின் அஸ்திபாரக் கல்லில் வேறொரு வருடம் இருக்கும், சபையார் கூடிவர ஆரம்பித்த வருடம் என்று மூத்தவர்கள் இன்னொன்றைச் சொல்வார்கள். நான் கல்லில் உள்ளதைத்தான் போடுவேன், அதையாவது போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

கமிட்டியில் காட்டும்போது இரண்டு மாதிரிக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். ஆறு காட்டினால் ஒன்றின் சிலுவையையும் இன்னொன்றின் புறாவையும் மூன்றாவதின் நிறத்தையும் சேர்த்து ஏழாவதாக ஒன்று கேட்பார்கள். ஸ்டாம்ப் அளவிலும் ஃப்ளெக்ஸ் அளவிலும் பிரிண்ட் எடுத்து மேசையில் வையுங்கள், செல்போனில் காட்ட வேண்டாம். பெரியவர்களுக்குக் கையில் காகிதம் இருந்தால்தான் பேச வரும்.

ஃபோட்டோஷாப்பில் யோசனை செய்துபார்க்கலாம், முடிவான படத்தை மட்டும் கோரலிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ இங்க்ஸ்கேப்பிலோ வரையுங்கள். இங்க்ஸ்கேப் இலவசம். எழுத்துகளை கர்வாக (ஃபான்ட் இல்லாத கணினியிலும் மாறாத கோட்டு வடிவமாக) மாற்றி, பிடிஎஃப் ஒன்று, பின்னணி இல்லாத பிஎன்ஜி ஒன்று, கறுப்பு வெள்ளை ஒன்று என்று சபையின் மின்னஞ்சலுக்கே அனுப்பிவையுங்கள். செயலாளரின் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பினால், அடுத்த தேர்தலில் செயலாளர் மாறியதும் புதியவர் அறுப்பின் பண்டிகை ஃப்ளெக்ஸுக்காக லெட்டர்பேடை செல்போனில் படம் எடுத்து அனுப்புவார்.