'ன்னு' போட்டா முடிஞ்சுதா?

கேள்வி (பிளஸ் டூ மாணவி, தேனி): சார், ரிப்போர்ட்டட் ஸ்பீச் (ஒருத்தர் சொன்னதை நாம இன்னொருத்தர்கிட்ட எடுத்துச் சொல்றது) ரூல்ஸ் எல்லாம் மனப்பாடமா தெரியும், பரீட்சையில மார்க்கும் வந்துடும். ஆனா பேசும்போது 'ஹி செட் தட் ஐ ஆம் கமிங்'னுதான் வாயில வருது. ஏன்?

பதில்: நம்ம வாயில 'ன்னு' ஒட்டிக்கிட்டு இருக்கும்மா, அதான். தமிழ்ல ஒருத்தர் சொன்னதை அப்படியே தூக்கி வச்சு பின்னாடி 'ன்னு' போட்டா வேலை முடிஞ்சுது. ரிசல்ட் பார்த்துட்டு வந்து 'நான் பாஸாயிட்டேன்னு அண்ணன் சொன்னான்'னு நீ சொல்றேன்னு வை, பாஸானது அண்ணனா நீயா? ரெண்டுக்கும் இடமிருக்கு, கேக்குறவங்க உன் மூஞ்சியப் பார்த்துப் புரிஞ்சிக்குவாங்க. இங்கிலீஷ்காரன்கிட்ட இது நடக்காது. 'தட்' போட்டுட்டா அதுக்கப்புறம் வர்ற 'ஐ' பேசுற ஆள்தான், அதனால நீ சொன்ன வாக்கியத்துல வர்றது அவன் இல்ல, நீ!

ஒரு வழி சொல்றேன். தமிழ்லயே 'வர்றேன்னு சொன்னான்'க்குப் பதிலா 'வர்றதா சொன்னான்'னு மனசுல ஓட்டிப்பாரு, அந்த 'நான்' தானா காணாமப் போயிடும், 'ஹி செட் ஹி வாஸ் கமிங்' ஈஸியா வந்துடும். 'ஆம்' ஏன் 'வாஸ்' ஆச்சுன்னா, 'செட்' பழைய கதை, அதுக்குள்ள இருக்கிறதும் அதோட சேர்ந்து ஒரு படி பின்னாடி போகுது, நம்ம ஊர்ல அந்தப் பழக்கமே இல்ல. ஆனா இப்பவும் உண்மையா இருக்கிற விஷயம்னா மாத்தாம விடலாம், 'ஷி செட் ஷி லிவ்ஸ் இன் மதுரை' தப்பே இல்ல (பரீட்சையில மட்டும் டீச்சர் சொன்னபடி மாத்திடு, வம்பு வேண்டாம்).

'டுமாரோ'வும் அப்படித்தான், கண்ணை மூடிக்கிட்டு 'தி நெக்ஸ்ட் டே' ஆக்கக்கூடாது. காலையில ப்ளம்பர் நாளைக்கு வர்றேன்னார், மத்தியானமே அதை அம்மாகிட்ட சொல்றேன்னா அது இன்னும் 'டுமாரோ'தானே!

கேள்வி (ஐ.டி. ஊழியர், ஓசூர்): 'மை மேனேஜர் ஆஸ்க்ட் மீ தட் வென் வில் யூ ஃபினிஷ்'னு மெயில்ல எழுதினேன், டீம்ல சிரிச்சிட்டாங்க.

பதில்: சிரிச்சவங்க எத்தனை பேர் சரியா எழுதுவாங்கன்னு கேட்டுப்பாருங்க தம்பி. 'ஆஸ்க்ட் மீ வென் ஐ வுட் ஃபினிஷ்', அவ்வளவுதான். 'தட்' வேண்டாம், 'யூ' இங்க நீங்கதான், அதனால 'ஐ', கேள்வி மாதிரி 'வில்'லை முன்னாடி தூக்கிப் போடறதும் இல்ல, கேள்விக்குறியும் இல்ல. 'முடிச்சிட்டியான்னு கேட்டார்'ல கடைசியில ஒரு 'ஆ' இருக்கே, அதுக்கு இங்கிலீஷ்ல 'இஃப்', ஆனா முன்னாடி வரும்: 'ஆஸ்க்ட் மீ இஃப் ஐ ஹேட் ஃபினிஷ்ட்'.

கேள்வி (இல்லத்தரசி, விருதுநகர்): 'செட் மீ'யா, 'டோல்ட் மீ'யா?

பதில்: 'டோல்ட் மீ'. 'செட்' போட்டா 'டு மீ'ன்னு 'டு' சேர்க்கணும். கதவை மூடச் சொன்னாங்கன்னா 'டோல்ட் மீ டு க்ளோஸ் தி டோர்', நம்ம 'மூட'தான் அந்த 'டு க்ளோஸ்'. வேண்டாம்னு சொல்லியிருந்தா 'நாட் டு க்ளோஸ்'. நடுவுல இருக்கிற 'மீ'ய மட்டும் முழுங்கிடாதீங்க மேடம், பாதிப்பேர் அங்கதான் சறுக்குறாங்க.