ராடு வைத்த காலில் சீழ் கசிகிறது: புத்தூர் கட்டுக்குப் போகலாமா?

கேள்வி: நாங்கள் குடியாத்தம் பக்கம். என் கணவருக்கு 46 வயது. ஐந்து மாதம் முன்பு பள்ளிகொண்டா அருகே அவர் பைக்கில் வரும்போது லாரி இடித்து, முட்டிக்குக் கீழே எலும்பு உடைந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. சாயங்காலம் விபத்து. மறுநாள் காலையில்தான் ஆபரேஷன் செய்து ராடு வைத்தார்கள். காயத்தை வெறும் சலைன் தண்ணீரில்தான் கழுவினார்களாம். இப்போது ஒரு மாதமாகத் தழும்பில் சின்ன ஓட்டை விழுந்து சீழ் கசிகிறது. மெடிக்கலில் சொல்லி ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்தால் நிற்கிறது, விட்டால் திரும்ப வருகிறது. காலை ஊன்றினால் வலி. சுகர் உண்டு, பீடியும் உண்டு. ராடை எடுத்துவிட்டுப் புத்தூருக்குக் கூட்டிப்போய் நாட்டு வைத்தியக் கட்டுப் போடலாம் என்கிறார் மாமனார். என்ன செய்யட்டும் டாக்டர்?

பதில்: முதல் வேலையாக, மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்குவதை நிறுத்துங்கள் அம்மா. அதை மட்டும்தான் சொல்கிறேன். சுகர் மாத்திரை வழக்கம்போல் தொடரட்டும். அப்புறம் இந்த வாரத்துக்குள்ளேயே அவரை எலும்பு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன இடத்தில் ஓட்டை விழுந்து சீழ் வந்தால், கிருமி உள்ளே எலும்பு வரை, ராடு வரை போயிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். 2018-ல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வகுத்த வரையறையிலும், இந்த ஒரு அறிகுறி இருந்தாலே தொற்று உறுதிதான். ரத்தப் பரிசோதனை நார்மலாக வந்தது என்று யாராவது சொன்னாலும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

மாத்திரை போட்டால் நின்று, விட்டால் வருவதற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியின் சுவரில் பாசி படிவதுபோல், கிருமிகள் ராடின் மேல் ஒரு வழவழப்பான படலமாக ஒட்டிக்கொள்ளும். மாத்திரை, வெளியே திரியும் கிருமியைக் கொல்கிறது. படலத்துக்குள் இருப்பதைத் தொட முடிவதில்லை. இன்னொரு கெடுதலும் உண்டு. எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க கல்ச்சர் எடுப்பார்கள். ஓட்டையின் வாயில் பஞ்சால் துடைத்து எடுத்தால், தோலில் இருக்கும் கிருமிதான் பெரும்பாலும் வரும். ஆபரேஷன் தியேட்டரில் ஆழத்திலிருந்து, பல இடங்களில், பொதுவாக ஐந்து துண்டுகளாவது எடுத்து அனுப்ப வேண்டும். அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பிருந்தே ஆன்டிபயாடிக் இல்லாமல் இருந்தால்தான் கிருமி கல்ச்சரில் வளர்ந்து காட்டும். இதுவரை வாங்கிய மாத்திரைகளின் அட்டையைத் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

சலைன் விஷயத்தில் உங்கள் கோபம் நியாயமில்லை. திறந்த எலும்பு முறிவை எதால் கழுவுவது என்று இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2015-ல் வெளிவந்தது. 2,447 நோயாளிகளின் முடிவுகளைக் கணக்கெடுத்தார்கள். சோப்புக் கரைசலில் கழுவியவர்களில் 14.8 சதவீதம் பேருக்கு மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டது. சலைனில் கழுவியவர்களில் 11.6 சதவீதம். வேகமாகப் பீய்ச்சி அடித்தாலும் மெதுவாக ஊற்றினாலும் வித்தியாசமில்லை. ஆக, சலைனே நல்லது.

மறுநாள் காலை ஆபரேஷன் செய்ததையும் உடனே தப்பு என்று சொல்லிவிட முடியாது. ஆறு மணி நேரத்துக்குள் கழுவியே ஆக வேண்டும் என்பது பழைய விதி. பின்னால் வந்த ஆய்வுகள் அதை அவ்வளவாக ஆதரிக்கவில்லை. முதல் ஆன்டிபயாடிக் ஊசி சீக்கிரம், முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள் போட்டார்களா என்பதுதான் முக்கியம். டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த நேரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, ராடு. எலும்பு இன்னும் கூடவில்லை என்றால் ராடை எடுத்துவிட்டு வெறுமனே விடக்கூடாது. ஆடிக்கொண்டிருக்கும் எலும்பில் தொற்று அடங்காது. ராடு உறுதியாக இருந்தால், உள்ளே சுத்தம் செய்து, கல்ச்சர் பார்த்து மருந்து கொடுத்து, எலும்பு கூடும்வரை அதையே வைத்திருந்து பிறகு எடுப்பது ஒரு வழி. தளர்ந்திருந்தால் எடுத்துவிட்டு, எலும்புக் குழாயைச் சுரண்டி, ஆன்டிபயாடிக் பூசிய ராடு வைப்பார்கள். சிலருக்குக் காலுக்கு வெளியே, எலும்பை அசையாமல் பிடித்துக்கொள்ளும் வளையம் மாட்டுவார்கள். எது என்பதை எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் பார்த்துத்தான் சொல்ல முடியும். எப்படியும் மாதக்கணக்கில் ஆகும், மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

புத்தூர் கட்டை நான் பழிக்கப் போவதில்லை. நம் வேலூர்ப் பக்கத்தில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டு வந்து, நன்றாக நடமாடுகிறவர்கள் வீதிக்கு ஒருவர் இருப்பார். ஆனால் அவர்களில் பலருக்குத் தோல் கிழியாத, விலகாத முறிவு. உள்ளே ராடும் சீழும் இருக்கிற காலை இறுக்கிக் கட்டினால் சீழ் வெளியே வர வழியில்லாமல் உள்ளுக்குள் பரவும். சுகர் வேறு இருக்கிறது. மாமனாரிடம் இதைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

பீடிக்கு வருகிறேன். இதில் நான் கறார். கால் எலும்பு திறந்து முறிந்தவர்களை அமெரிக்காவில் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வில், புகைப்பவர்களுக்குத் தொற்று இரண்டு மடங்குக்கும் மேல் வந்தது, எலும்பு கூடுவதும் தாமதமானது. குடியாத்தத்தில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிற ஊரில் விடுவது சுலபமில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் ஆபரேஷனுக்கு முன்பே விட்டாக வேண்டும். மூன்று மாதச் சராசரி சுகரையும் பார்த்துவிடுங்கள். ஆட்டுக்கால் சூப் கொடுக்கலாம், தப்பில்லை. கூடவே முட்டை, பருப்பு, மீன் தட்டில் இருந்தால்தான் உடம்புக்குத் தேவையான புரதம் சேரும்.

ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கே முதலில் போங்கள். எந்த ராடு, எந்த அளவு என்ற விவரம் அங்கேதான் இருக்கும். மனமில்லை என்றால் டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லா எக்ஸ்ரேக்களும் தேதிவாரியாக அடுக்கி எடுத்துக்கொண்டு வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, சி.எம்.சி. மருத்துவமனையின் ராணிப்பேட்டை வளாகத்துக்கோ போகலாம். முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் மறக்காமல் கொண்டுபோங்கள்.

இதற்கிடையில் குளிர் காய்ச்சல் வந்தாலோ, கால் சிவந்து வீங்கினாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, அப்பாயின்ட்மென்ட் தேதி வரட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே 108-ஐ அழைத்துவிடுங்கள்.