தாத்தா விற்ற பஞ்சமி நிலம் திரும்புமா? நில உரிமை கேள்வி-பதில்

எங்கள் தாத்தாவின் 2 ஏக்கரைப் பஞ்சமி நிலம் என்று ஊரில் சொல்வார்கள். 1971-இல் வேறு சாதிக்காரர் ஒருவருக்குக் கிரயம் கொடுத்துவிட்டார். இப்போது அவருடைய பேரன் பெயரில் பட்டா. ஏதாவது வழி உண்டா? (மதுராந்தகம் வாசகர்)

உண்டு. ஆனால் "ஊரில் சொல்வார்கள்" என்பது தாலுகா ஆபீசில் செல்லாது, காகிதம் வேண்டும்.

இந்தக் கதை தொடங்கியதே உங்கள் பக்கத்தில்தான். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கையை ஒட்டி, 1892-இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒப்படைக்க அரசாணை வந்தது. அப்படிக் கொடுத்ததுதான் பஞ்சமி நிலம். முதல் 10 ஆண்டுகள் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம். மீறினால் அந்தக் கிரயம் செல்லாது, அரசு நிலத்தை மீட்கலாம்.

இணையத்தில் கிடைக்கும் இன்றைய அ-பதிவேட்டை (சர்வே எண் வாரியாக ஊரின் நில விவரம் எழுதிய பதிவேடு) பார்த்துவிட்டுச் சோர்ந்துவிடாதீர்கள். 1980-களில் யு.டி.ஆர். திட்டத்தில் பதிவேடுகளைப் புதிதாக எழுதியபோது பல ஊர்களில் பஞ்சமி என்ற குறிப்பே காணாமல் போயிற்று. அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் (நிலவரித் திட்ட) பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். குறிப்புக் கலத்தில் 'டி.சி.' (டிப்ரஸ்டு கிளாஸ், அதாவது ஒடுக்கப்பட்ட வகுப்பு) என்று இருக்கிறதா பாருங்கள். சர்வே எண் மாறியிருக்கும், அதனால் பழைய எண்ணையும் கேட்டு வாங்குங்கள். தர இழுத்தடித்தால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். அப்புறம் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் மனு கொடுத்து, ரசீதை மறக்காமல் வாங்குங்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மீட்ட நிலம் நேராக உங்கள் கைக்கே வரும் என்று உறுதி கிடையாது. அரசு எடுத்து, தலித் மக்களுக்கே மறுபடி ஒப்படைக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. மனுவைத் தனியாளாகக் கொண்டுபோகாமல் ஊராரோடு சேர்ந்து போங்கள். காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்துக்காக 1994-இல் நடந்த போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 2 பேர் இறந்தது உங்கள் மாவட்டத்தில் பலருக்கும் நினைவிருக்கும்.

ஏரிப் புறம்போக்கில் 30 வருஷமாக வீடு. வீட்டு வரி, கரண்ட் பில் எல்லாம் என் பெயரில். பட்டா கிடைக்குமா?

நீர்நிலைக்குக் கிடைக்காது. வாங்கித் தருகிறேன் என்று எவராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மாற்று இடம் கேட்பதில் மட்டும் குறியாக இருங்கள். வரி ரசீதும் கரண்ட் பில்லும் அங்கே உதவும். நோட்டீஸ் வந்தால் பேசாமல் இருக்காதீர்கள், கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள்.

ஆதிதிராவிடர் நலத்துறை எங்களுக்குப் பட்டா கொடுத்து ஆறு வருஷமாகிறது. மனை எது என்று இன்னும் காட்டவில்லை.

மேடையில் பட்டா கொடுப்பதோடு வேலை முடிந்ததாக நினைக்கிற பழக்கம் இது. பட்டா வாங்கிய அத்தனை பேரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டு, நிலத்தை அளந்து கல் நட்டுத் தரும்படி தாசில்தாரிடம் கேளுங்கள். யாராவது நிலத்தில் இறங்கவிடாமல் தடுத்தால், அது வெறும் சிவில் தகராறு இல்லை. பட்டியல் சாதியினருக்கு ஒப்படைத்த நிலத்தை ஆக்கிரமிப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். ஸ்டேஷனில் "கோர்ட்டுக்குப் போ" என்று சொன்னால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள்.

ஜவ்வாது மலையில் இருக்கிறோம். சாட்டிலைட் படத்தில் எங்கள் கொல்லை தெரியவில்லை என்று வன உரிமை மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

அந்தக் காரணம் நிற்காது. படம் துணைச் சான்றுதான், மற்ற சான்றுகளுக்குப் பதிலாக அதை வைக்க முடியாது என்று 2012-இல் திருத்திய வன உரிமைச் சட்ட விதிகளே சொல்கின்றன. பழங்குடியினர் 13.12.2005-க்கு முன்பிருந்து நிலத்தைக் கையில் வைத்திருந்தால் போதும். ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்கினால் அதுவும் சான்றுதான், ஆனால் மனுதாரரே அந்தப் பெரியவராக இருக்கக் கூடாது. வேறு ஒரு சான்றும் சேருங்கள். பழைய கிணறு, கல்வரப்பு, முன்னோர் சமாதி எல்லாம் கணக்கில் வரும். தள்ளிய உத்தரவை எழுத்தில் வாங்கினீர்களா? அது கைக்கு வந்த நாளிலிருந்து 60 நாளைக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும்.